சுவரில் எழுதிய தூரநோக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கென்று சென்ற மாதம் எங்கள் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு செயலமர்வு நடைபெற்றது. மண்டபத் திறப்பை வைத்திருப்பவன் என்ற உரிமையில் நானும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த வளவாளர், 'உங்கள் வாழ்க்கையின் தூரநோக்கை ஒரே வசனத்தில் எழுதுங்கள்' என்று சொல்லி ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் இருபது நிமிடமும் கொடுத்தார். தாள்களைச் சேர்த்து அடுக்கும் வேலை என்னிடம் வந்ததால் எல்லாவற்றையும் வாசிக்க நேர்ந்தது. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் வைத்தியர், பொறியியலாளர், வங்கி முகாமையாளர் என்று எழுதியிருந்தது. இன்னொரு பங்கில் பிரான்ஸ், கனடா, லண்டன். ஒரு தாள் வெறுமையாக இருந்தது. மீதியில் சிலர் தங்கள் பாடசாலை வாசற்சுவரில் உள்ள தூரநோக்கையே, 'எமது பாடசாலை' என்று வரும் இடத்தில் 'நான்' என்று போட்டு, ஒரு சொல்லும் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள்மேல் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. இந்த நாட்டில் பாடசாலை, பிரதேச செயலகம், கூட்டுறவுச் சங்கம், ஆஸ்பத்திரி என்று எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் தூரநோக்கு என்றும் பணிக்கூற்று என்றும் இரண்டு பலகைகள் வாசலிலேயே நிற்கின்றன. அவற்றை எழுதியவர் யார், அந்த வசனத்தை நினைத்து அந்தக் கட்டடத்துக்குள் எப்போதாவது ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. வர்ணம் மங்கினால் திரும்ப எழுதுவார்கள். மேற்பார்வைக் குழு வருகிற கிழமையில் அது தவறாமல் நடக்கும். பதினொரு வருடம் அந்தப் பலகையைக் கடந்து வகுப்புக்குப் போன பிள்ளை, தூரநோக்கு என்பது சுவருக்கு உரிய பொருள் என்று விளங்கிக்கொண்டதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு மனிதனுக்கு அது தேவை என்றும், அதைத் தேடும் விதத்தை நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை என்றும் நான் என் வீட்டிலேயே பட்டு அறிந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். வைத்தியராக வருவது ஓர் இலக்கு. இலக்குக்கு ஒரு திகதி உண்டு. அந்தத் திகதியில் அடைந்தோமா, தவறவிட்டோமா என்று தெரிந்துவிடும். அடைந்தவனுக்கு மறுநாள் காலை இனி என்ன என்ற கேள்வியும், தவறவிட்டவனுக்கு இனி நான் யார் என்ற கேள்வியும் வரும். இந்த இரண்டு கேள்விக்கும் இலக்கிடம் பதில் இல்லை. எந்த விதமாக வாழ விரும்புகிறேன், யாருக்குப் பயன்பட விரும்புகிறேன், எதைக் கண்டால் என்னால் பொறுத்துக்கொண்டு போக முடியாது என்பவற்றைத் தனக்குத்தானே தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஓர் இலக்கு தவறினாலும் அடுத்த இலக்கை வைக்க இடமிருக்கும். அந்தத் தெளிவைத்தான் வாழ்க்கைத் தூரநோக்கு என்று சொல்கிறேன்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். என் மகளின் அனுமதியுடன், பெயர் போடக்கூடாது என்ற அவளுடைய நிபந்தனைக்கும் கட்டுப்பட்டு, அவளுடைய கதையைச் சொல்கிறேன். 2009 ஆம் ஆண்டு நாங்கள் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது அவளுக்கு வயது பதினான்கு. அந்த நாட்களில் என் தாயார் வவுனியா ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். துணைக்கு நின்ற மகள் அங்கிருந்த ஒரு சிங்களத் தாதியிடம் சொல் சொல்லாகச் சிங்களம் பொறுக்கிக்கொண்டாள். முகாமுக்குத் திரும்பிய பின்னர் எங்கள் கூடார வாசலில் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பெண்கள் தாளும் கையுமாக நிற்பார்கள். 'பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கு?' என்ற அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவளும் தரப்பாளின் நிழல் விழுகிற பக்கமாக இருந்து, விரலை எழுத்தின்மேல் வைத்து வைத்து, தெரிந்ததைச் சொல்லித் தெரியாததை யாரிடமாவது கேட்டு வந்து சொல்லுவாள். யாரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பார்த்ததை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

மீள்குடியேறி வந்த பிறகு சாதாரண தரத்தில் அவளுக்கு விஞ்ஞானத்தில் ஏ கிடைத்தது. எனக்கு அந்த ஓர் எழுத்து போதுமாக இருந்தது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு என்று நானே தீர்மானித்தேன். அவளிடம் கேட்டேனா என்று பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டதாக ஞாபகம் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று தடவைதான் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றலாம். மூன்று தடவையும் தோற்றினாள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன; கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். அந்தச் சலுகை இருக்கிறது என்ற ஒரு நம்பிக்கையில் எத்தனை தகப்பன்மார் என்னைப்போலப் பிள்ளையை மூன்று வருடம் மருத்துவ பீட வாசலை நோக்கித் தள்ளியிருப்பார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். மூன்றாவது தடவை, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி வந்த அன்று இரவு அவள் ஒன்றும் பேசவில்லை. அடுக்களைக்குள் போய் எல்லாப் பானை சட்டிகளையும், கழுவியிருந்தவற்றையும் சேர்த்து, திரும்பக் கழுவினாள். அந்தச் சத்தம் நின்றபோது நடுச்சாமம் கடந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியத்தைத்தான் இந்தக் கடிதத்தை வாசிக்கும் பிள்ளைகள் கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றை வாங்கி, மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் விதைப்பு முடிந்த நாளிலிருந்து அறுவடை வரை, ஒவ்வொரு இரவும் இரண்டு வரி எழுதினாள். இன்றைக்கு யாரும் கேட்காமலே நான் செய்த வேலை எது என்பது ஒரு வரி. இன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது எதனால் என்பது மற்ற வரி. அறுவடை முடிந்ததும் முதலிலிருந்து வாசித்துப் பார்த்திருக்கிறாள். மாவு அரைத்தது, ஆட்டுக்குக் குழை வெட்டியது என்ற சில்லறைகளை விட்டால் திரும்பத் திரும்ப வந்தது தாள்தான். வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கடன் உடன்படிக்கை. பாதி சிங்களத்தில், பாதி ஆங்கிலத்தில். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருந்தும் வன்னியில் ஒரு தாய்க்கு வரும் கடிதம் அவளுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. கோபத்தின் வரியிலும் அதே தாள்தான் வந்திருந்தது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மகள் இப்படி எழுதியிருந்தாள்: 'வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் என் கண்முன்னே ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது.'

இதில் தொழிலின் பெயர் இல்லை, சம்பளம் இல்லை, நாடு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் வைத்த இலக்குகள் எல்லாம் இந்த ஒரு வசனத்திலிருந்தே வந்தன. சிங்களத்தை இலக்கணத்தோடு முறையாகப் படிக்கவேண்டும், ஆங்கிலத்தைச் சட்டத் தாள் வாசிக்கும் அளவுக்காவது கொண்டுவரவேண்டும், நீதிமன்றத்தில் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வரவேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவற்றுக்குத் திகதியும் வைத்தாள். அதைவிட முக்கியமானது, வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் அந்த வசனம் அவளுக்குக் கைகொடுத்தது. ஒரு நிதி நிறுவனம் கள உத்தியோகத்தர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டது. அவள் அப்போது உழைத்ததைப்போல இருமடங்கு சம்பளம், மோட்டார் சைக்கிள், எரிபொருள் கொடுப்பனவு. வேலை என்னவென்றால் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. நான் போகச் சொன்னேன். அவள் பத்திரத்தின் மாதிரிப் பிரதி ஒன்றை வாங்கிவந்து என் முன்னால் வைத்து, 'அப்பா, இதில தமிழ் எங்க கிடக்கு, காட்டுங்கோ' என்றாள். வட்டி கணிக்கும் முறை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அவள் அந்த வேலைக்குப் போகவில்லை. பெரிய மனப்போராட்டம் எதுவும் அவளிடம் நான் காணவில்லை. போராட்டம் முழுவதும் எனக்குத்தான்.

கதையை இனிப்பாக முடித்துவிட்டேன் என்று யாரும் எண்ணவேண்டாம். மொழிபெயர்ப்பு வேலை ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. அவளுடைய வருமானம் இன்றுவரை என் ஓய்வூதியத்தைத் தாண்டவில்லை. உறவுக்காரர் வீட்டு விசேடங்களில் 'மகள் இப்ப என்ன செய்யிறா?' என்று கேட்கும்போது ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத சங்கடமும் எனக்கு இருக்கிறது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கமம் செய்பவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் உடனே விளங்கும். குளம் நிறைந்தால் 36 அடி. கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு முன்னர் அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து, இன்றைக்குக் குளத்தில் இத்தனை அடி நிற்கிறது என்று முதலில் அறிவிப்பார். வெயிலில் போவது, குடிநீருக்கு விடவேண்டியது எல்லாவற்றையும் கழித்த பிறகே எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எத்தனை மாத நெல் போடலாம், முதல் தண்ணீர் எந்தத் திகதி, விதைப்பு எந்தத் திகதியுடன் முடியவேண்டும் என்ற பேச்சு வரும். சண்டை பிடிப்போம், வாய்க்கால் வாரியாக ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கத்துவோம். ஆனால் குளத்து அளவுகோலைப் பார்க்காமல் ஏக்கர் கேட்கும் துணிவு எங்களில் யாருக்கும் இல்லை. அப்படிப்பட்ட நாங்கள் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் விடயத்தில் அளவுகோலைப் பார்ப்பதில்லை. பக்கத்து வயல்காரன் என்ன விதைத்தான் என்று பார்த்து விதைக்கிறோம். பிள்ளைக்குள் நிற்கும் தண்ணீர் எவ்வளவு என்பதைக் காட்டும் அளவுகோல், யாரும் கேட்காமல் அது என்ன செய்கிறது என்பதும், எந்த உதவிக்காக மற்றவர்கள் அதைத் தேடி வருகிறார்கள் என்பதும்தான். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று கேட்டால் மட்டும் போதாது என்பதும் என் அபிப்பிராயம். பதினாறு வயதில் விருப்பம் என்று வாயில் வருவதில் பாதி, வேறு யாரோ சொல்லிக்கொடுத்தது.

நாளை என்ன நடக்கும் என்று தெரியாத வன்னியில் தூரநோக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டதை நானும் பட்டிருக்கிறேன். 1996 இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் போனோம். 2008 இன் கடைசியில் திரும்பவும் எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்தோம். வீடு, காணி உறுதி, நெல் மூட்டை, சான்றிதழ் எல்லாம் வழியில் போயின. எங்கள் அயலில் இருந்த ஒரு கணித ஆசிரியர், இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிழமைக்குள் ஏதாவது ஒரு மரத்தில் கரும்பலகையைக் கட்டிவிடுவார். பலகை இல்லாத இடத்தில் தகரத்தில் கரி பூசி எழுதினார். அவர் தூரநோக்கு என்ற சொல்லை உச்சரித்து நான் கேட்டதில்லை. அவர் போட்டிருந்த திட்டங்கள் எல்லாம் எங்களுடையதைப் போலவே அழிந்தன. ஆனால் அடுத்த நாள் காலை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றதை நாங்கள் ஒருநாளும் காணவில்லை.

இன்னும் பழைய உதாரணம் ஒன்றும் உண்டு. என் சித்தப்பா முத்தையன்கட்டில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றுப் போனவர். எழுபதுகளில் அரசாங்கம் மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தபோது அங்கே செத்தல் மிளகாயில் பணம் புரண்டது. அந்த விலையைக் கேள்விப்பட்டு வந்தவர்களும் பலர். 1977 க்குப் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்ததும், மிளகாய்க்காக வந்தவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் கிணற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். சித்தப்பா கச்சானுக்கும் உழுந்துக்கும் மாறினார். 'நான் மிளகாய்க்கு வந்தவன் இல்லை, ஒருத்தனுக்குக் கீழ கையெழுத்துப் போடாமல் சீவிக்க வந்தவன்' என்பது அவருடைய பேச்சு. அவருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை அவருடைய மருமக்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

குடும்பப் பொறுப்பு உள்ள பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஆடம்பரம் அல்லவா என்ற கேள்வியைத்தான் நான் கூடுதலாக மதிக்கிறேன். 2022 இல் வவுனியாக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னால் விடியப்புறத்திலிருந்து வரிசையில் நின்ற இளைஞர்களில் என் தமக்கையின் மகனும் ஒருவன். அவனுக்கு இளையவர்கள் மூன்று சகோதரிகள். அவர்கள் மூவரும் ஒருவர் கையையும் எதிர்பாராமல் தங்கள் காலில் நிற்பதைப் பார்ப்பதே தன் வாழ்க்கையின் காரியம் என்று அவன் நன்றாகத் தெரிந்துகொண்டு, அதற்காகவே போனான். அவனுக்கு அது தூரநோக்கு, போனது சரி. அதே வரிசையில் நின்ற அவனுடைய சிநேகிதன், எல்லாரும் போகிறார்கள் என்பதற்காகக் காணியை ஈடுவைத்து முகவருக்குக் கட்டிவிட்டு, போன இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இன்றைக்கும் இடைவழியில் நிற்கிறான். கடமை ஒருவனின் தூரநோக்குக்குள் இருக்கலாம். பல பேருக்கு அதுவே தூரநோக்காகவும் இருக்கலாம். ஆனால் பெற்றோர் தாங்கள் அடையாததைப் பிள்ளை அடையவேண்டும் என்று ஆசைப்படுவதைக் கடமை என்ற பெயரில் அதன் தலையில் ஏற்றக்கூடாது. இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், ஏற்றிய குற்றவாளி என்ற முறையில் உண்டு.

வசதி குறைந்த வீட்டுக்கே இந்தத் தெளிவு கூடுதலாகத் தேவை என்றும் நினைக்கிறேன். பணமுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று பாதைகளை முயன்று பார்த்துவிட்டு நான்காவதில் போகலாம். எங்கள் பிள்ளைக்கு ஒரு பிழையான தெரிவு என்பது அடகுக்குப் போன நகை, அல்லது திரும்பி வராத மூன்று வருடம்.

இன்றைக்குத் தெரிவுகள் முன்பைவிடக் கூடியுள்ளன என்பதையும் மறுக்கமுடியாது. உயர்தரத்தில் 2013 இலிருந்து தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. அங்கேயே 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் உள்ளது. வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. என் மகளின் காலத்தில் எனக்குத் தெரிந்திருந்த கதவுகள் இரண்டோ மூன்றோதான். கதவுகள் கூடக்கூட, எந்தக் கதவைத் தட்டுவது என்று தீர்மானிக்கப் பிள்ளையின் கையில் ஏதாவது ஓர் அளவுகோல் இருந்தாக வேண்டும்.

வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் என்னுடைய வேண்டுகோள் சிறியது. சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் சில மாதங்கள் சும்மா கிடக்கின்றன. அந்த மாதங்களில் உயர்தர முற்கூட்டிய வகுப்பு என்ற பெயரில் தனியார் கல்வி நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்புவதற்கு முன்னர், அந்த இரண்டு வரிக் கொப்பியை எழுதவையுங்கள். எழுதியதை ஆசிரியர் வாசிக்கவேண்டாம், புள்ளி போடவேண்டாம், பரிசளிப்பு விழாவில் மேடையேற்றவும் வேண்டாம். பாடப்பிரிவு தெரிவுசெய்யும் நாளில் பிள்ளையை முதலில் தனியாக இருத்தி, அந்தக் கொப்பியைப் பார்த்துப் பேச விட்டு, பெற்றோரைப் பிறகு கூப்பிடுங்கள். வளவாளர்களும் தயவுசெய்து இருபது நிமிடத்தில் தாளைச் சேர்க்கவேண்டாம். எழுதிய வசனத்தை அடுத்த வருடம் பிள்ளை மாற்றினாலும் குறை காணவேண்டாம். என் மகள் தன்னுடையதில் இதுவரை இரண்டு தடவை சொல் மாற்றியிருக்கிறாள். இப்போது 'என் கண்முன்னே' என்பதை வெட்டியிருக்கிறாள்.

உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் வாராவாரம் கற்கைநெறி விளம்பரங்களும் வெட்டுப்புள்ளி விபரங்களும் வருகின்றன. அவற்றின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம் ஒதுக்கி, தையல்காரர், மீனவர், தாதி, மேசன், கடைக்காரர் என்று எங்கள் மாவட்டங்களில் உழைத்துச் சீவிக்கும் ஒருவரிடம், 'நீங்கள் வேண்டாம் என்று விட்டது எதை, ஏன் விட்டீர்கள்?' என்று மட்டும் கேட்டுப் பிரசுரித்தால் நல்லது.

அந்த வெறுந்தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைத் தந்த மாணவியை வளவாளர் எல்லார் முன்னிலையிலும் கொஞ்சம் கடிந்துகொண்டார். பின்னர் நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பென்சிலால் எழுதி அழித்த தடங்கள் நான்கு வரிசையில் தெரிந்தன. எதுவும் வாசிக்கக்கூடியதாக இல்லை. தாளை அவளுடைய வீட்டில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்து, கூடவே ஓர் எண்பது பக்கக் கொப்பியும் கொடுத்தேன். சிறுபோக அறுவடை முடிய வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.